எஸ்டேட்டுக்குள்ள நிக்கிற பழைய கல்ல எப்படி பாக்குறது (தொடுறதுக்கு முன்ன படிங்க)

போன வாரம் ஒரு தம்பி வாட்சப்புல படம் அனுப்பிருந்தான், செம்பனை காட்டுக்குள்ள இடுப்பு உயரத்துக்கு ஒரு கல்லு, மஞ்ச தடவி, குங்குமம் வச்சு, அடியில ரெண்டு எலுமிச்சம்பழம். "அண்ணே இது ஸ்டோன்ஹெஞ்ச் மாதிரி பழசா, இல்ல நம்ம முனியாண்டியா?" நான் திருப்பி கேட்டது ஒன்னே ஒன்னு, மஞ்ச தடவுறதுக்கு முன்ன படம் எடுத்தியா? எடுக்கலையாம். சரி, முடிஞ்சு போச்சு. அவன திட்டவும் மனசு வரல, ஏன்னா நான் பண்ணது இத விட மோசம், அத கீழ சொல்றேன்.

நான் இருக்குறது தம்பினுக்கும் அலோர் காஜாவுக்கும் நடுவுல ஒரு சின்ன எஸ்டேட் டவுனு, ஆலைல வெயிட் பிரிட்ஜ் வேல, ஞாயித்துக்கிழமை ஆனா மோட்டார எடுத்துக்கிட்டு கல்லு பாக்க போயிருவேன். படிச்ச ஆராய்ச்சியாளர் இல்ல. பல வருஷமா சுத்தி, பெரியவங்ககிட்ட கேட்டு, தப்பு பண்ணி கத்துக்கிட்டத எழுதுறேன்.

முதல்ல ஒரு குழப்பத்த தீத்துருவோம். பெரிய கல்லுனாலே புதிய கற்காலம்னு, அதாவது இரும்பு வர்றதுக்கு முன்ன கல்லுல கருவி செஞ்ச காலம்னு எல்லாரும் நெனைக்கிறாங்க. அது ஐரோப்பா கணக்கு. அயர்லாந்துல நியூகிரேஞ்ச்ங்கிற கல் சமாதி கட்டுனது கிட்டத்தட்ட கி.மு. 3200, டிசம்பர் கடைசில சூரியன் உதிக்கிறப்போ வெளிச்சம் நேரா உள் அறைக்கு போகும். ஸ்டோன்ஹெஞ்சோட பெரிய கல்லுங்க கி.மு. 2500 வாக்குல நிறுத்துனது. அதெல்லாம் உண்மையிலேயே புதிய கற்காலம். ஆனா தமிழ்நாட்டுல செத்தவங்களுக்கு வச்ச கல்வட்டம், கற்பதுக்கை (கல்பலகை சமாதி), முதுமக்கள் தாழி எல்லாம் பெரும்பாலும் இரும்பு தெரிஞ்ச ஆளுங்க செஞ்சது, தூத்துக்குடி பக்கம் சிவகளைல ஒரு தாழிக்குள்ள இருந்த நெல்லுக்கு கி.மு. 1155னு தேதி வந்துச்சு. நம்ம மலேசியால புதிய கற்கால ஆளுங்கள புதைச்ச இடம் வேணும்னா குகைக்கு போகணும், கிளந்தான்ல குவா சா, சரவாக்ல நியா. வெளிய நிக்கிற கல்லுங்க அந்த காலம் இல்ல, பின்னால வந்தது. அதனால "5,000 வருஷ கல்லு"ன்னு யாராச்சும் ஃபேஸ்புக்குல போட்டா ஷேர் பண்ணாதீங்க.

தீபகற்பத்துல ரெண்டு வகைய தெரிஞ்சு வச்சுக்கிட்டா போதும். ஒன்னு நெகிரி செம்பிலான், மலாக்கா பக்கம் நிக்கிற கல்லு, நெடுங்கல்லுன்னு சொல்லலாம். மலாய்க்காரங்க பத்து ஹிடூப்னு சொல்லுவாங்க, உயிருள்ள கல்லு, வருஷா வருஷம் வளருதுன்னு நம்பிக்கை. இன்னொன்னு பேராக்ல பெர்ணம் ஆத்து பக்கம், சுங்காய், சிலிம், சங்காட் மந்திரி அந்த ஏரியால கெடைச்ச கல்பெட்டி. பலகை மாதிரி கருங்கல்ல பொளந்து எடுத்து, ரெண்டு பக்கமும் செங்குத்தா நட்டு, தரையிலயும் பரப்பி, மேலயும் மூடி, பெட்டி மாதிரி செஞ்ச சமாதி. 1920கள்ல ஐவர் ஈவன்ஸ்ங்கிற மியூசியக்காரர் அங்க தோண்டி பாத்தாரு, பானை ஓடு, மணிங்க, இரும்பு சாமான் எல்லாம் வந்துச்சு. அந்த காலத்து இரும்புக்கு மலாய்க்காரங்க வச்ச பேரு துலாங் மாவாஸ், மாவாஸ் குரங்கோட எலும்பாம். துருப்பிடிச்சு வளஞ்சு கெடந்தா எலும்பு மாதிரிதான தெரியும், பேரு வச்சவன் சரியாத்தான் வச்சிருக்கான்.

சரி இப்ப வேலைக்கு வருவோம்.

காட்டுக்குள்ள இறங்குறதுக்கு முன்ன ஒரு தடவ பெங்காலான் கெம்பாஸ் போயிட்டு வாங்க, லிங்கி பக்கம், போர்ட்டிக்சன் போற வழியில திரும்பணும். கண்ணுக்கு பழக்கம் வரணும்ல. அங்க மூணு கல்லு நிக்கும், வாள், கரண்டி, சுக்கான்னு மலாய்ல பேரு, பெடாங், சூடு, கெமூடி. செதுக்கு வேலப்பாடு உள்ள கல்லுங்க, ஒன்னுல அல்லாஹ்னு எழுத்தே புடைப்பா இருக்கு. பக்கத்துலயே ஷேக் அஹ்மட் மஜ்னூன் சமாதி, அதோட கல்வெட்டுல ஹிஜ்ரி 872னு இருக்கு, அதாவது 1467-68, மலாக்கா சுல்தான் காலம். ஒரு பக்கம் ஜாவி எழுத்து (மலாய அரபு எழுத்துல எழுதுறது), இன்னொரு பக்கம் பழைய ஜாவாக்காரங்களோட காவி எழுத்து. அந்த தூண் கல்லுல ஒரு ஓட்டை இருக்கும், பொய் சொல்றவன் கைய விட்டா இறுக்கி புடிச்சுக்கும்னு கதை. நான் விட்டு பாத்தேன், புடிக்கல, கூட வந்த மச்சான் மட்டும் கைய பாக்கெட்ட விட்டு எடுக்கவே இல்ல. அங்க ஒரு மணி நேரம் நின்னு பாருங்க, கல்லு மண்ணுக்குள்ள எப்படி இறங்குது, எந்த பக்கம் மழுங்கிருக்கு, எந்த பக்கம் பாசி புடிச்சிருக்குன்னு. இந்த பழக்கம் இல்லாம காட்டுக்குள்ள போனா பாக்குற கல்லு எல்லாம் பழசாத்தான் தெரியும்.

அடுத்தது பெர்மிஷன். எஸ்டேட் நெலம் தனியார் நெலம், நம்ம தாத்தா பாட்டி ஒழைச்ச காடுதான், ஆனா கேட் நம்மளோடது இல்ல. ஆபீஸ்ல கிராணிகிட்ட சொல்லிட்டு போங்க, குலை வெட்டுற நாள்ல அந்த பக்கம் போகாதீங்க, மட்டை தலையில விழுந்தா கல்லு பாக்க ஆள் இருக்காது. நீட்டு சிலுவார், பூட்ஸ், ஒரு கம்பு. வெட்டி போட்ட மட்டை குமிஞ்ச இடத்துல காலால கிளறாதீங்க, நாகம் அங்கதான் படுத்திருக்கும்.

கல்ல கண்டுட்டீங்க. இப்ப அது பழசா இல்லையான்னு பாக்குறதுக்கு முன்ன, அது என்னவெல்லாம் இல்லைன்னு கழிச்சுக்கிட்டே வரணும், இதுலதான் பாதி பேரு ஏமாறுறாங்க. சதுரமா வெட்டுன சின்ன கல்லு, மேல கீறலோ நம்பரோ இருந்தா சர்வே கல்லு, இல்லாட்டி எஸ்டேட் பிளாக் கல்லு. ஓரத்துல வரிசையா அரை வட்டமா குழி, பென்சில் பாதியா பொளந்த மாதிரி நீளமா இருந்தா டிரில் போட்டு ஒடைச்சது, குவாரி வேல. ஒரு ஆள் நீளத்துக்கு எட்டம் விட்டு ரெண்டு சின்ன கல்லு, தலைமாட்டுல ஒன்னு கால்மாட்டுல ஒன்னுன்னா அது முஸ்லிம் சமாதியா இருக்கலாம், நம்ம ஊர்ல கிப்லா மேக்கு பக்கம் கொஞ்சம் வடக்கா இருக்குறதால சமாதி வடக்கு தெக்கா நீளும், அங்க செருப்போட ஏறாதீங்க, சத்தம் போடாதீங்க. லாடம் மாதிரி மண்ணு அணைச்சு எழுத்து வெட்டிருந்தா சீனர் சமாதி. அப்பறம் கருங்கல் காலப்போக்குல வெங்காயம் உரியுற மாதிரி உரிஞ்சு உருண்டு நிக்கும், அது இயற்கையா ஆன உருண்டை பாறை, ஆளு யாரும் நிறுத்தல. சுத்தி பாருங்க, அதே மாதிரி உருண்டைங்க சரிவுல நெறைய கெடந்தா அதுவும் அந்த கூட்டம்தான்.

கடைசியா நம்ம சாமி. லயத்து ஆளுங்க 80, 100 வருஷத்துக்கு முன்னாடியே கல்ல நட்டு மதுரைவீரன், முனியாண்டி, காளின்னு கும்புட்டாங்க, அதுக்குன்னு கல்ல தேடி தூக்கிட்டு வந்தும் வச்சாங்க, ஏற்கனவே நின்ன கல்லுக்கு பொட்டு வச்சும் கும்புட்டாங்க. ரெண்டாவதுதான் சிக்கல். எங்க பாட்டி மரம் வெட்டுன 12ஆம் நம்பர் காட்டுல ஒரு கல்லு, பாட்டி சொல்லும், "நாங்க வரப்பயே நின்னுச்சுடா, மொதல்ல மலாய்க்காரவுங்க சோறு வைப்பாங்க, பொறவு நாங்க வச்சோம்". இந்த ஒரு வரி எந்த டேப்பாலயும் அளந்து எடுக்க முடியாத தகவல். அதனால பெரியவங்ககிட்ட கேக்குறப்போ "இது பழசா?"ன்னு கேக்காதீங்க, ஆமான்னுதான் சொல்லுவாங்க. "நீங்க வந்தப்போ இருந்துச்சா, அப்ப யாரு கும்புட்டா, இப்ப நிக்கிற இடத்துலயேதான் நின்னுச்சா"ன்னு கேளுங்க. மலாய் கம்பத்து பாக்சிக்குங்ககிட்டயும் (பெரியவங்க) போயி கேளுங்க, ஒரு தே ஓ வாங்கி குடுத்தா போதும், நம்மள விட அவங்களுக்குத்தான் பத்து ஹிடூப் கதை தெரியும்.

இதெல்லாம் கழிச்ச பின்னாடி மிச்சம் நிக்கிற கல்லுல எதெல்லாம் நல்ல அறிகுறின்னா, அகலத்த விட உயரம் ஜாஸ்தி, சுத்தியுள்ள மண்ணுல கெடைக்காத கல்லு (செம்புரான் மண்ணுல தனியா ஒரு கருங்கல் நின்னா எங்கேருந்து வந்துச்சுன்னு யோசிக்கணும்ல), தனியா இல்லாம ஜோடியாவோ வரிசையாவோ இருக்குறது, எல்லாம் ஒரே திசைய பாத்து இருக்குறது. ஒன்னு மட்டும் இருந்தா சந்தேகத்தோட வையுங்க, ரெண்டு மூணு சேந்து வந்தா மேல போங்க.

இப்ப என் கதை. பத்து பன்னெண்டு வருஷம் முன்ன, நானும் ரெண்டு கூட்டாளியும் ஒரு ஓடை ஓரத்துல புதருக்குள்ள ரெண்டு கல்ல பாத்தோம். ஒன்னு நேரா, இன்னொன்னு நல்லா சாஞ்சு. சந்தோஷம் தாங்கல. மறுநாளே கம்பி பிரஷ், ப்ளீச் ஒரு போத்தல், சங்கூல் (மம்முட்டி) எல்லாம் எடுத்துக்கிட்டு போயி, பாசிய சொரண்டி, ப்ளீச் ஊத்தி கழுவி, "பாவம் சாஞ்சு கெடக்கு"ன்னு அடியில தோண்டி ரெண்டாவது கல்ல நேரா நிமுத்தி மண்ணு மிதிச்சு, அப்பறம்தான் படம் எடுத்தோம், மூணு பேரும் பக்கத்துல தோள் மேல கை போட்டு. அடுத்த வாரம் பக்கத்து கம்பத்து பெரியவர் ஒருத்தரு வந்து பாத்தாரு. கத்தல. கல்ல பாத்துக்கிட்டே கேட்டாரு, "எந்த பக்கம் சாஞ்சிருந்துச்சு?" நாங்க மூணு பேரும் மூணு திசைய காட்டுனோம். அவரு எதுவும் பேசாம போயிட்டாரு. ஒரே பக்கம் சாய்ச்சு நட்டாங்களா, தானா சாஞ்சுச்சா, ஜோடி எந்த திசைக்கு நின்னுச்சு, அடியில சின்ன கல்லு முட்டு குடுத்திருந்தாங்களா, எல்லாத்தயும் அரை மணி நேரத்துல நாங்களே அழிச்சுட்டோம். ப்ளீச் ஓடுன தடம் இன்னைக்கும் வெள்ளையா கோடு கோடா தெரியுது. அந்த வழியா போறப்போ நான் கல்ல பாக்குறதே இல்ல.

அதனால வரிசை இதுதான்: பாரு, படம் எடு, அள, எழுது, சொல்லு. தொடுறது இந்த லிஸ்ட்லயே இல்ல.

படம் எப்படி எடுக்குறதுன்னா, உச்சி வெயில்ல எடுக்காதீங்க, கல்லு தட்டையா தெரியும், ஒன்னும் தெரியாது. காலைல 8 மணி, இல்லாட்டி சாயங்காலம் 5 மணிக்கு மேல, வெளிச்சம் பக்கவாட்டுல சாஞ்சு விழுறப்போ எடுங்க, செதுக்குன கோடு இருந்தா நிழல் கட்டி தெரியும். செம்பனை நிழல்ல அந்த வெளிச்சம் வரலைன்னா டார்ச் லைட்ட கல்லோட உடம்ப ஒட்டுன மாதிரி பக்கத்துலேருந்து அடிக்க சொல்லி எடுங்க, நேரா முகத்துல அடிச்சா வேலைக்கு ஆகாது. ஒரு தடவ இப்படி டார்ச் அடிச்சப்போ வெறும் சொரசொரப்புன்னு நெனச்ச இடத்துல மூணு குழி முக்கோணமா தெரிஞ்சுச்சு, விரல் நுனி அளவு, மனுஷன் போட்டதா மழை போட்டதான்னு இன்னைக்கும் எங்களுக்குள்ள சண்டை. கோடு தெரியலைன்னு சுண்ணாம்பு, மாவு, சாக்பீஸ் தேய்க்காதீங்க, பேப்பர் வச்சு பென்சில் தேய்க்கிறதும் வேணாம், பாசி உரிஞ்சு வந்துரும். பாசி அழுக்கு இல்ல, கல்ல ரொம்ப நாளா யாரும் அசைக்கலைங்கிறதுக்கு அதுவும் ஒரு சாட்சி.

நாலு பக்கமும் ஒவ்வொரு படம், ஃபோன் காம்பஸ பாத்து வடக்கு, கெழக்கு, தெக்கு, மேக்குன்னு. காம்பஸ நம்புறதுக்கு முன்ன ஃபோன எட்டு மாதிரி சுத்திக்கோங்க, பாரங் (வெட்டுக்கத்தி), மோட்டார் பக்கத்துல வச்சு பாக்காதீங்க, முள்ளு தப்பா காட்டும். ஒவ்வொரு படத்துலயும் அளவுக்கு ஒரு பொருள் இருக்கணும், நான் பழைய காண்டா கம்பு ஒன்னுல பத்து பத்து சென்டிமீட்டருக்கு செவப்பு வெள்ளை பெயிண்ட் அடிச்சு வச்சிருக்கேன், அத பக்கத்துல நிறுத்துவேன், கல்லு மேல சாய்க்க மாட்டேன். சின்ன பொருளுக்கு 50 சென் காசு. அப்பறம் தூரமா நின்னு ஒரு படம், ஓடை, ரோடு, மேடு எல்லாம் தெரியுற மாதிரி. கிட்டக்க எடுத்த அம்பது படத்த விட இந்த ஒன்னு பெருசு, ஏன்னா அந்த கல்ல ஏன் அந்த எடத்துல நட்டாங்கங்கிறது சுத்தியுள்ள எடத்துலதான் இருக்கு.

அளக்குறது சுலபம், மண்ணுக்கு மேல உயரம், அகலம், கனம், எந்த பக்கம் சாஞ்சிருக்கு, ரெண்டு கல்லு இருந்தா நடுவுல எவ்ளோ எட்டம். மண்ணுக்கு கீழ எவ்ளோ இருக்குன்னு பாக்க ஆசை வரும், வேணாம், அந்த ஆசையிலதான் நான் கெட்டேன். பள்ளிக்கூட நோட்டுல மேலேருந்து பாக்குற மாதிரி ஒரு படம் வரைங்க, அழகா வரணும்னு இல்ல, வடக்கு அம்பு போட்டா போதும். மேப்புல அந்த இடத்த அமுக்கி புடிச்சா வர்ற நம்பர எழுதிக்கோங்க, செம்பனை அடியில ஜிபிஎஸ் கொஞ்சம் தள்ளி காட்டும், அதனால பிளாக் நம்பரயும் எத்தனாவது நிரைங்கிறதயும் சேத்து எழுதுங்க. ஆனா அந்த நம்பர நெட்ல போடாதீங்க, படத்த போடுறதுக்கு முன்ன லொகேஷன ஆஃப் பண்ணுங்க. பொதையல் தேடுற கூட்டம் மொப்பம் புடிச்சுக்கிட்டு அலையுது, ராத்திரியோட ராத்திரியா தோண்டிட்டு போயிருவாங்க.

தரையில மணி, பானை ஓடு, துரு இரும்பு எதாச்சும் கெடந்தா எடுக்காதீங்க. பேராக் கல்பெட்டிலயும் செவப்பு கார்னீலியன் மணி வந்துச்சு, தமிழ்நாட்டுல நொய்யல் ஆத்தங்கரை கொடுமணல் சமாதிங்கள்லயும் கார்னீலியன் மணி வந்துச்சு. ஒடனே நம்ம ஆளுங்க ஆரம்பிச்சுருவாங்க, "பாத்தியா, தமிழன் கட்டுனது". மணி கப்பல்ல வரும், கை மாறி கை மாறி வரும், மணி வந்ததால சமாதில படுத்தவன் தமிழன்னு ஆயிராது. மணிமேகலைல எரிக்கிறது, சும்மா இடுறது, குழி, கீழ அறை, தாழின்னு அஞ்சு விதமா சொல்லிருக்கு, அத படிச்சா நமக்கு பெருமைதான், அந்த பெருமைய தூக்கிட்டு வந்து அலோர் காஜா கல்லு மேல ஒட்ட வேணாம். அந்த கல்லுக்கு சொந்தக்காரங்க கதை வேற. அதே மாதிரி இங்க நிக்கிற கல்லு ஒவ்வொன்னும் சமாதின்னு முடிவு கட்டவும் வேணாம், பேராக் கல்பெட்டி வேற, இங்க நெடுங்கல் வேற.

சட்டமும் இருக்கு, 2005 தேசிய மரபுடைமை சட்டம், அக்டா 645. பழைய பொருள்னு நெனைக்க காரணம் உள்ள எதையாச்சும் கண்டா மாவட்ட அதிகாரிகிட்டயோ ஜபாத்தான் வாரிசான் நெகாராகிட்டயோ (தேசிய மரபுடைமை இலாகா) ஒடனே சொல்லணும். மலாய்ல ஒரு பக்கம் எழுதுனா போதும், எங்க, எப்ப பாத்தோம், நெலம் யாரோடது, நாலு படம், வரைஞ்ச படம், உங்க ஃபோன் நம்பர். பெஜாபாட் டேராவுல (மாவட்ட ஆபீஸ்) நேரா குடுத்து, உங்க காப்பில தெரிமா சாப்பு, அதாவது வாங்கிட்டோம்ங்கிற முத்திரை, அடிச்சு வாங்கிக்கோங்க. வாட்சப்புல அனுப்பிட்டேன்னு உக்காராதீங்க, ஒரு தடவ நான் குடுத்த லெட்டர் எங்கயோ போயிருச்சு, சாப்பு இருந்ததாலதான் "இல்ல, குடுத்தேன்"னு காட்ட முடிஞ்சுச்சு. பதில் வர நாளாகும், மாசக்கணக்காவும் ஆகும். கும்புடுற கல்லா இருந்தா கோயில் தலைவர்கிட்டயும் சொல்லிருங்க, இல்லாட்டி நீங்க சாமிய மியூசியத்துக்கு புடிச்சு குடுக்குறதா ஊரெல்லாம் பேச்சு வரும். எனக்கு வந்துச்சு.

ரீப்ளாண்டிங் வருதுன்னா மட்டும் காத்திருக்காதீங்க. செம்பனைய 25 வருஷத்துக்கு ஒருக்கா சாய்ச்சுட்டு புதுசா நடுவாங்க, கல்லுங்க காணாம போறது பெரும்பாலும் அப்பதான், யாரும் வேணும்னு பண்றது இல்ல, பேக்ஹோ ஓட்டுறவனுக்கு அது ஒரு கல்லு அவ்ளோதான். லெட்டரோட காப்பி ஒன்ன மேனேஜருக்கு குடுங்க, கல்லுலேருந்து அஞ்சாறு அடி தள்ளி நாலு மூலைக்கும் குச்சி நட்டு செவப்பு டேப் கட்டுங்க, கல்லு மேல கட்டாதீங்க, பெயிண்டும் அடிக்காதீங்க. கண்ட்ராக்டர்கிட்ட சொன்னா மட்டும் பத்தாது, மெஷின் ஓட்டுற ஆள தேடி போயி சொல்லுங்க.

12ஆம் நம்பர் காடு சாய்ச்சப்போ நான் அப்படித்தான் போனேன், வேலைக்கு லீவு போட்டு, காலைல 7 மணிக்கு. ஓட்டுனது பங்களாதேஷ் பையன், என் மலாயும் அவன் மலாயும் ஒன்னுக்கொன்னு புரியல, கல்ல காட்டி கைய கூப்பி காட்டுனேன். அவன் மெஷின நிறுத்திட்டு எறங்கி வந்தான், டேப்ப பாத்தான், கல்ல பாத்தான், "குபூர்?"னு கேட்டான், சமாதியான்னு. தெரியலைன்னு தலைய ஆட்டுனேன். ஏறி போயி கல்ல சுத்தி பெரிய வட்டமா விட்டுட்டு மிச்சத்த சாய்ச்சான். இப்ப அங்க இளங்கன்னு நட்டாச்சு, நடுவுல அந்த வட்டத்துல மட்டும் நாலு கெழ செம்பனை, நடுவுல பாட்டியோட கல்லு.